முதல் இதழ் மட்டுமே வந்த பத்திரிகை

எங்கள் கல்லூரியின் திரைப்பட, தொலைக்காட்சி ஆய்விதழுக்கு வரலாறு எழுதித் தரச் சொல்லி அதன் இந்த வருடத்து மாணவ ஆசிரியர் என்னைத் தேடி வந்தபோது, நான் ஒரு கல்யாண வீடியோவிலிருந்து மாப்பிள்ளையின் சித்தப்பாவை வெட்டிக்கொண்டிருந்தேன். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ஸ்டுடியோவில் எனக்கு அதுதான் வேலை. அந்த மனுஷன் தாலி கட்டுகிற நேரத்தில் சரியாகக் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

வந்தவள் மூன்றாம் வருட மாணவி. பஜாரில் அவள் அப்பாவுக்கு ஃபேன்சி ஸ்டோர். முக்காட்டைச் சரிசெய்துகொண்டே பேசினாள்.

"அக்கா, இத ஆரம்பிச்சது நீங்கதானாமே. ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்கக்கா. எங்க முதல் இதழ்ல போடணும்."

முதல் இதழ் என்றாளா, எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அந்த நாட்களில் கோபம் ஒன்றுதான் வந்துகொண்டிருந்தது. போன ஆடியில் என் சிநேகிதி செத்துப்போனதிலிருந்து அப்படி. காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. நான் சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன், யாராவது ஜோக் அடித்தால் சிரிக்கவும் செய்தேன். இவள் எப்போது அழப்போகிறாள் என்று வீட்டில் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுகை வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல அவளுடைய போட்டோவை எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அந்தப் பத்திரிகையை ஆரம்பித்தது நானும் அவளும்தான். வாத்தியார்கள் கைவைக்கக் கூடாது, எல்லாம் மாணவர்களே செய்ய வேண்டும் என்பது எங்கள் சட்டம். கட்டுரை வந்தால் எழுதியவர் பெயரை மறைத்துவிட்டு இரண்டு பேரிடம் படிக்கக் கொடுப்போம். பெரிய பல்கலைக்கழகங்களில் அப்படித்தான் செய்வார்களாம். எங்கள் வகுப்பிலோ முதல் வரியைப் படித்ததுமே, "இது அந்த வாலாஜாபாத்காரன் எழுதுனது, தூக்கிப் போடு" என்று சொல்லிவிடுவார்கள். அப்படியும் விடாமல் மறைத்தோம்.

அந்த இதழில் உருப்படியாக இருந்தது அவளுடைய கட்டுரை ஒன்றுதான். அவள் புள்ளலூர்க்காரி, நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். அவர்கள் வீட்டில் டிவி கூடத்தில் இருக்கும், அடுப்பு பின்கட்டில். சீரியல் ஓடுகிற நேரமும் ராத்திரிச் சோறு ஆக்குகிற நேரமும் ஒன்று. அதனால் அவளுடைய அம்மா வருடக்கணக்காகச் சீரியலைப் பார்த்ததே கிடையாது, கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கதை, சண்டை, யார் யாருக்குத் துரோகம் செய்தது எல்லாம் அத்துப்படி. முகம் மட்டும் ஒன்றுகூடத் தெரியாது. ஒருநாள் ஒரு நடிகைக்குக் குரல் கொடுக்கிறவரை மாற்றிவிட்டார்கள். முகம் அதே முகம்தான். அம்மா அடுப்படியிலிருந்து கத்தியிருக்கிறார்: "இன்னாடி, அந்தப் பொண்ணு செத்துப்பூடுச்சா? கொரலு வேற மாதிரி கீதே!"

அதை வைத்துத்தான் அவள் எழுதினாள். சினிமாவைப் பற்றிப் படிக்கிறவர்கள் எல்லோரும் கண்ணைப் பற்றியே பேசுகிறார்கள், எங்கள் வூட்டுப் பொம்பளைகளுக்கு டிவி என்பது காது என்று. கட்டுரை நீண்டுவிட்டது. பக்கம் போதவில்லை. பாதியில் நிறுத்தி, மீதி இரண்டாம் இதழில் என்று போட்டோம்.

அச்சானதும் அவள் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, அடுப்படியில் இருந்த அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி முழுசையும் சத்தமாகப் படித்துக் காட்டினாளாம். மீதி எங்கே என்று அம்மா கேட்டதற்கு, "அது பொஸ்தகத்துல வந்தாத்தான் படிப்பேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

அது வரவே இல்லை. ஒருவர் ஒரு வருடம்தான் ஆசிரியராக இருக்கலாம் என்று இன்னொரு சட்டமும் போட்டிருந்தோம். அடுத்து வந்தவர்கள் முதல் இதழ் என்று போட்டார்கள். அதற்கடுத்து வந்தவர்களும் அப்படியே. ஏன் என்று கேட்டால், முதல் இதழ் என்றால்தான் வெளியீட்டு விழா உண்டு. தாளாளர் வருவார், சால்வை, குத்துவிளக்கு, வாசலில் ஆசிரியர் குழு படம் போட்ட ஃப்ளெக்ஸ். இரண்டாவது இதழுக்கு எவன் வருவான்? டிபார்ட்மென்ட் அலமாரியைத் திறந்தால் இப்போதும் முதல் இதழ்களாக அடுக்கியிருக்கும்.

படித்து முடித்து வெளியே போன பிறகும் அவள் வருடாவருடம் மீதிக் கட்டுரையை அனுப்புவாள். புது ஆசிரியர்கள் மரியாதையாகத் திருப்பி அனுப்புவார்கள். முதல் இதழில் இரண்டாம் பாகத்தை எப்படிப் போடுவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதானே! அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

காரியத்தன்று அவளுடைய அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "அவ எய்தனதுல மீதி கீதுன்னாளே, அது எப்பம்மா வரும்?" என் போனிலேயே இருந்தது. இப்பவே படித்துக் காட்டட்டுமா என்றேன். "வாணாம். பொஸ்தகத்துல வந்தாத்தான்னு சொல்லிக்கினு இருந்தா. வரட்டும்" என்றார்.

இதையெல்லாம் அந்த ஃபேன்சி ஸ்டோர் பெண்ணிடம் நான் சொல்லவில்லை. கோபத்தை மட்டும்தான் காட்டினேன்.

"வரலாறுன்னு இன்னாத்த எழுதறது? பொறந்துச்சி, மறுபடி பொறந்துச்சி, மறுபடியும் பொறந்துச்சின்னா? ரெண்டாவது இதழ்னு போடு, எழுதித் தரேன். இல்லாட்டி ஆள வுடு."

"ஃப்ளெக்ஸ் அடிக்கக் குடுத்தாச்சேக்கா. கெஸ்ட்கூட ஒத்துக்கினாரு."

"அப்ப அவரையே எழுதச் சொல்லு."

அவள் முகம் சுருங்கிவிட்டது. பாவமாகத்தான் இருந்திருக்க வேண்டும், ஆனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கிளம்பும்போது, "அப்டி இன்னாதான்க்கா கீது அந்த முதல் இதழ்ல?" என்றாள். போய்ப் படி என்றேன்.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது. "அக்கா, எங்கம்மாவும் அப்டித்தான்க்கா. கடைக்குப் பின்னாடிதான் எங்க வூடு. டிவி கடையில, எங்கம்மா உள்ள. அவங்களுக்கும் ஒரு மூஞ்சியும் தெரியாது." அப்புறம், "மீதிய அனுப்புங்கக்கா" என்றாள்.

இரண்டாவது இதழ் வந்தது. தாளாளர் வரவில்லை, சால்வை இல்லை. ஃப்ளெக்ஸ் அடித்தது வீணாகிவிட்டது என்று அவளுடைய குழுவில் பாதிப் பேர் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். வகுப்பில் பெஞ்சு பெஞ்சாக அவளே கொண்டுபோய்க் கொடுத்தாளாம். என்னுடைய வரலாறு அதில் அரைப் பக்கம்தான். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு புள்ளலூருக்குப் போனேன். அவளுடைய அம்மா அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "உக்காரும்மா, ஒல வெச்சிட்டேன்" என்று பின்கட்டுக்குப் போய்விட்டார். கூடத்தில் டிவிக்கு எதிரே அவள் உட்காருகிற நாற்காலி. நான் தரையில் உட்கார்ந்தேன். டிவி ஓடவில்லை.

படிக்க ஆரம்பித்தேன். ஒருநாள் வேலையெல்லாம் விடச் சொல்லி அம்மாவை இழுத்துவந்து டிவி முன்னால் உட்கார வைத்ததைத்தான் அவள் எழுதியிருந்தாள். வருடக்கணக்காகத் திட்டிக்கொண்டிருந்த வில்லியின் முகத்தை அம்மா முதல் தடவையாகப் பார்க்கிறார். "இவளா அவ? நான் வேற யாரையோ இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்" என்று எழுந்து, திரும்பவும் அடுப்படிக்கே போய்விடுகிறார்.

அந்த இடத்தில் உள்ளே அம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. நானும் நிறுத்தினேன்.

"கொரலு வேற மாதிரி கீது" என்றார் உள்ளேயிருந்து.

பக்கத்தில் எழுத்தெல்லாம் கலங்கிவிட்டது.

"பரவால்லம்மா, படி" என்றார். "கொஞ்சம் சத்தமா படி."