ஷெரிலுக்குப் பேய் பிடிக்கவில்லை

பதினான்கு வயது ஷெரில் தன் தலைமுடியைத் தானே பிடுங்கிக்கொண்டிருந்தாள். உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்குச் சொட்டை விழுந்த பிறகுதான் அம்மா ஏஞ்சலா அதைக் கவனித்தாள்.

"ஏன்டி இப்படிப் பண்றே?"

"தெரியலம்மா. கை தானா போவுது."

கணவன் விட்டுப் போனதிலிருந்து ஏஞ்சலா மலேசியாவின் செனாவாங் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்ட் வேலை செய்து, பாரோய் ஊருக்கு அப்பால், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து வீட்டில் மகளைத் தனியாக வளர்த்துவந்தாள். தொப்பி வாங்கிக் கொடுத்தாள். ஆனால் சில வாரங்களில் ஷெரில் பள்ளிக்கே போகமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏஞ்சலாவின் அண்ணன் ஜார்ஜ் ஜெபக்குழுவோடு வந்தார். "இது கெட்ட ஆவி லா. பிள்ளைய உக்கார வை." சுற்றி நின்று உரக்க ஜெபித்தார்கள். ஷெரில் எழுந்து ஓடப் பார்த்தாள். ஜார்ஜ் அவளை நாற்காலியோடு சேர்த்து அழுத்தினார். பிள்ளை அலறினாள்.

ஏஞ்சலா அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "கைய எடுங்கண்ணே! வலிக்குதுன்னு அழுவுறா, பேயி கத்துதுங்கறீங்க. நானும் தினம் ஜெபம் பண்றவதான். பிள்ளைய அமுக்கிப் பிடிக்கச் சொல்லி எந்த ஆண்டவர் சொன்னாரு? போங்க வெளிய!"

"அண்ணன் வேணாமா ஒனக்கு?"

"வேணாம்."

மறுநாளே சிரம்பானுக்கு மகளை அழைத்துப்போனாள். ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கான மனநல மருத்துவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். "கை ஒடஞ்சி வந்தா இப்படித்தான் திருப்பி அனுப்புவீங்களா?" என்று கத்தினாள். களைத்துப்போயிருந்த தாதி பதிலுக்குக் கத்தவில்லை. "டாக்டருங்க இல்லக்கா, என்ன செய்ய?" என்றவள், அதுவரை பார்த்துக்கொள்ள ஓர் ஆலோசனை மையத்துக்கு வழி சொன்னாள்.

அங்கே உளவியலாளர் லோகேஸ்வரி, ஏஞ்சலாவை வெளியே உட்காரச் சொன்னார். பெற்றவளுக்கே கதவைச் சாத்துகிறார்களே என்று அவள் பொருமினாள். பல வாரங்கள் உள்ளே மாவு பிசைவதும் படம் வரைவதுமாகவே போயின. இதற்கா லீவு போட்டு வருகிறோம் என்று எரிச்சல் வந்தது. ஆனாலும் வந்தாள்.

ஒரு நாள் அவளையும் உள்ளே கூப்பிட்டார்கள். அப்பா போன பிறகுதான் கை தலைக்குப் போகத் தொடங்கியது என்று ஷெரில் சொன்னாள். பிறகு தரையைப் பார்த்தபடி மற்றதையும் சொன்னாள். மாணவர்கள் எல்லாரும் திடலில் கூடும் பள்ளிச் சபைகூடலில் கட்டொழுங்கு ஆசிரியர் அர்ச்சுனன் அவள் தொப்பியைப் பிடுங்கி உயர்த்திக் காட்டினார். மொத்தப் பள்ளியும் சிரித்தது.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க வந்து கத்துவீங்க."

ஏஞ்சலா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அந்த நொடியே அந்த ஆளைப் போய்ப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. "என்ன செய்யணும்னு அவகிட்டயே கேளுங்கக்கா" என்றார் லோகேஸ்வரி.

கேட்டாள். "போங்கம்மா. ஆனா கத்தாதீங்க" என்றாள் ஷெரில்.

தலைமையாசிரியர் அறையில் அர்ச்சுனன் சிரித்தார். "சும்மா வெளாட்டுக்குமா. சின்ன விஷயம்."

"சின்ன விஷயம்னா எல்லாரு முன்னாலயும் மன்னிப்புக் கேளுங்க சார்." குரலை உயர்த்தாமல் சொல்ல ஏஞ்சலா நாற்காலியின் கையை நெரித்துப் பிடித்திருந்தாள்.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. தலைமையாசிரியரும் அவரைக் கேட்க வைக்கவில்லை. ஷெரில் தொப்பி அணியலாம், சபைகூடலுக்கு வர வேண்டாம் என்று மட்டும் அனுமதித்தார்.

ஷெரில் இப்போது பள்ளிக்குப் போகிறாள். சொட்டையின் ஓரங்களில் முடி வளர்கிறது. சில வாரங்களில் மறுபடி பிடுங்கிவிடுகிறாள். ஜார்ஜோடு பேச்சு வார்த்தை இல்லை. ஏஞ்சலா மாநிலக் கல்வி இலாகாவில் புகார் கொடுத்திருக்கிறாள். பதில் வராததால் ஷிஃப்ட் இல்லாத நாட்களில் நேரே போய் முகப்பில் நின்று கேட்கிறாள். அவளைக் கண்டாலே அங்கிருப்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும் என்கிறாள்.