சுனைப் பாறையில் ஈரக் காகிதம்

தண்ணீரில் எதுவோ விழுந்தது. தொபுக்!

என் இரண்டு கையும் பாறையின் மேல். எடுக்க முடியாது. ஈரக் காகிதம்... விட்டால் காற்று கிழித்துவிடும்.

"புள்ள உளுந்துட்டான்," என்றாள் எதிரே இருந்த அக்கா. "நீ போயி பாரு. நான் புடிச்சிக்கிறேன்."

நான் உடனே போகவில்லை.

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். போன சித்திரை, ஞாயிற்றுக்கிழமை, பகல் 12.40. சிங்கவரத்தைத் தாண்டி இருக்கும் சுனைப் பாறை. நான் மோனிகா, பிளஸ் டூ போகப்போகிறவள். அங்கே இருந்தது நான்தான்.

செஞ்சி, வல்லம் இரண்டு ஊர் வரலாற்றுச் சங்கமும் சேர்ந்து, சுற்றுவட்டாரத்துப் பழைய இடங்களுக்கெல்லாம் ஒரே வரைபடம் போடுகின்றன. கல்வெட்டை ஈரக் காகிதத்தில் படி எடுத்தால்தான் அந்த இடம் வரைபடத்தில் ஏறும். ஒரு கல்லுக்கு இரண்டு பேர், சங்கத்துக்கு ஒருவர். பிறகு யாரும் 'எங்க கல்லு' என்று சண்டை பிடிக்கக் கூடாதாம்.

"செஞ்சிக்காரங்க கோட்டையத் தவுர இன்னாத்தப் பாத்தீங்க?" என்று காலையில் வல்லத்துத் தலைவர் இளவழகன் சார் வம்பிழுத்தார்.

"நாங்க பாத்தோம் சார். நீங்க கல்வெட்டு மேல துணி தொவைச்சீங்க," என்றார் எங்கள் தனசேகரன் அண்ணன். வேனே சிரித்தது.

என்னோடு வரவேண்டிய வல்லத்து ஆளைக் காணோம். தனியாகவே காகிதத்தை நனைத்து எழுத்தின் மேல் ஒட்டினேன். பிரஷ்ஷால் தட்டினேன். டொப்... டொப்... காற்று கிளம்பியது. காகிதம் படபடத்தது.

மறு ஓரத்தை ஒரு கை அழுத்திப் பிடித்தது.

முப்பது வயது இருக்கும். "வல்லமா அக்கா?" தலையாட்டினாள். அப்பாடா என்றிருந்தது.

வெயிலில் என் பக்கம் காய்ந்துவிட்டது. அவள் பக்கம்... இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தத் தொபுக். பாறைக்குப் பின்னால், சுனையில்.

"கிழிஞ்சிடும் அக்கா! நீங்க போங்க!"

"அன்னிக்கி நான் வுடல," என்றாள். "நீயாச்சும் வுடேன்..."

அழுதாள். சத்தமே இல்லை.

கையை எடுத்தேன். ஓடினேன்.

சுனையில் தண்ணீர் இல்லை. ஒரு சொட்டு இல்லை. வெடித்த சேறு.

திரும்பினேன்.

அவள் இல்லை.

காகிதம் மட்டும்... அவ்வளவு காற்றிலும் அசையாமல்.

வேனில் சொன்னதும் இளவழகன் சார் முகம் செத்துவிட்டது.

"சுனைப் பாறைக்கு எங்காளுங்க வரமாட்டாங்கன்னு உங்க தனசேகரன்கிட்ட சொல்லியிருந்தனேம்மா..."

மூன்று வருஷத்துக்கு முன், மழைக்காலம். அவர்கள் சங்கத்துக் குஞ்சம்மாள் படி எடுக்க வந்தாள், ஐந்து வயது மகனோடு. சுனை நிறைய தண்ணீர். சத்தம் கேட்டது. பையன் கல் எறிகிறான் என்று நினைத்துக்கொண்டாள். காகிதம் காயும்வரை கையை எடுக்கவில்லை.

அடுத்த மாசம் அவளும் போய்விட்டாளாம்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. சத்தம் கேட்ட அந்த நொடியே நான் கையை விட்டிருந்தால்...

அவன் பிழைத்திருப்பானா?