எஸ்கில் காவல் இருந்த திமிங்கிலம்

எஸ்கில் ஸ்வாரர் வீட்டு ஆண்கள் நாலு தலைமுறையாகக் கப்பலில் போனவர்கள். அவருக்கு மட்டும் எங்கள் ஃபானோ தீவிலிருந்து எதிர்க்கரை நகரமான எஸ்பியர் போகும் பன்னிரண்டு நிமிடப் படகிலேயே குமட்டிக்கொண்டு வரும். பதினாறு வயதில் கப்பலேறியவர், முதல் துறைமுகத்திலேயே இறங்கி ரயில் பிடித்துத் திரும்பினார். பிறகு தீவு நகராட்சியில் டிராக்டர் ஓட்டும் வேலை. முப்பத்தொரு வருடம் ஓட்டினார்.

மேற்குக் கடற்கரைதான் அவர் இடம். அங்கே மணலிலேயே கார்களும் பஸ்ஸும் ஓடும். ஈரத்தில் புதைந்துபோகும், சுற்றுலா வரும் ஜெர்மன்காரர்களின் கார்களைக் கயிறு கட்டி இழுப்பார். அலை ஒதுக்கும் கட்டைகளையும் அறுந்த வலைகளையும் அள்ளுவார். ரொட்டிக்கடையில் ஹார்ம் பிரிங்க் அவரைச் சும்மா விடமாட்டார். ஹார்ம் ஓய்வு பெற்ற கேப்டன், எஸ்கிலோடு ஒரே வகுப்பில் படித்தவர்.

"என்னடா, இன்னைக்குத் தண்ணிப் பக்கம் போனியா? தலை சுத்தலையே?"

"உன் கார் மணல்ல மாட்டுனதும் என்னைத்தானே கூப்பிடுவ? அப்ப சொல்றேன்டா."

அந்தப் பிப்ரவரியில் இரண்டு நாள் மேற்குக் காற்று அடித்து ஓய்ந்தது. மூன்றாம் நாள் காலை எட்டரைக்கு நகராட்சி அலுவலகத்தில் ஃபோன் அடித்தது. எடுத்தது, அங்கே வேலை பார்க்கும் நான். மறுமுனையில் எஸ்கில்.

"பிர்த்தே, யாரையாவது அனுப்பும்மா."

"என்னண்ணே, கார் மாட்டிக்கிச்சா?"

"கார் இல்ல. உசுரோட இருக்கு. என்னைப் பாக்குது."

எஸ்பியரிலிருந்த கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லிவிட்டு நானும் கிளம்பினேன். தூரத்திலிருந்து பார்த்தபோது கவிழ்ந்த படகென்றுதான் நினைத்தேன். கிட்டே போகப் போக அது வளர்ந்துகொண்டே போனது. பதினான்கு மீட்டர் இருக்கும். எண்ணெய்த் திமிங்கிலம். கறுத்த உடம்பு முழுக்க நீளநீளத் தழும்புகள். தண்ணீர் இருநூறு மீட்டர் பின்வாங்கிப் போயிருந்தது. எஸ்கில் டிராக்டரை அணைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்தபடி அதன் தலைமாட்டில் நின்றிருந்தார்.

"இங்க கை வச்சுப் பாரு" என்றார் மெல்ல.

வைத்தேன். ஈர ரப்பர் மாதிரி வழவழப்பு. சட்டென்று உள்ளேயிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். காதில் கேட்டதைவிட என் நெஞ்செலும்பில்தான் அதிகம் கேட்டது. மறுபடி டக். மறுபடி.

"ஒரு மணி நேரமா இப்படித்தான் கூப்பிட்டுக்கிட்டு இருக்கு" என்றார். "யாரைன்னுதான் தெரியல."

பத்து மணிக்கு மருத்துவர் வந்தார், இளம்பெண். சுற்றிவந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "ஒண்ணும் செய்ய முடியாதுங்க. தண்ணியில இருந்தா அதுக்குக் கனமே தெரியாது. தரையில அதோட எடையே அதை நசுக்குது."

"வழி தப்பியா வந்துச்சு?" என்று கேட்டார் எஸ்கில்.

"ஆமா. ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்கு முங்கி, இருட்டுல இரை தேடுற சீவன். தடுமாறி இந்தப் பக்கம் திரும்பிருச்சு. நம்ம கடல் ஆழமே இல்லையே. இதுக்கு இது ஒரு குட்டைங்க."

எஸ்கில் கடலைத் திரும்பிப் பார்த்தார். அவர் தாத்தாவையும் பெரியப்பாவையும் விழுங்கிய கடல்.

"குட்டையா?" என்றார். மறுபடி, தனக்குத்தானே, "குட்டை" என்றார்.

மதியத்துக்குள் பாதித் தீவு கூடிவிட்டது. யாரையும் நெருங்க விடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எஸ்கிலுக்கு. கயிறு கட்டக்கூட வேண்டியிருக்கவில்லை; சனங்கள் தாமாகவே முப்பது அடி தள்ளி நின்றார்கள். ஹார்ம் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்டே வந்தார். இன்றைக்கும் கிண்டல் செய்யப்போகிறார் என்று எனக்குப் பதறியது. அவரோ அதன் கண்ணைப் பார்த்தபடியே நின்றார். அவ்வளவு பெரிய உடம்பில் ஒரு ஆரஞ்சுப்பழம் அளவுதான் கண்.

"நாப்பது வருஷம் இதுங்க தலைக்கு மேலயேதான் போய்வந்திருக்கேன்" என்றார் ஹார்ம். "ஒண்ணைக்கூடப் பாத்ததில்லடா."

எஸ்கில் தன் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றி நீட்டினார்.

டக் சத்தத்துக்கு நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. இரண்டேகாலுக்கு ஒன்று வந்தது. அடுத்ததற்குக் காத்திருந்தோம். வரவில்லை. மருத்துவர் காதை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அங்கிருந்த ஆண்கள் ஒருவர்பின் ஒருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள்.

மறுநாள் அதை அலைக்கு எட்டாத மேட்டுக்கு இழுத்ததும் எஸ்கில்தான், மூன்று டிராக்டர்களை முன்னின்று நடத்தி. அருங்காட்சியகத்து ஆட்கள் நான்கு நாள் அறுத்தார்கள். அந்தக் குளிரிலும் உள்ளே சூடு ஆறவில்லை, ஆவி பறந்தது. இதயத்தை நான்கு பேர் சேர்ந்து தூக்கிவந்து டிராக்டரின் முன்னால் இருக்கும் அள்ளுவாளியில் வைத்தபோது, எஸ்கில் கையுறையைக் கழற்றிவிட்டு அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். அன்று லாரிவரை அவர் ஓட்டிய வேகத்துக்கு ஒரு குழந்தைகூடப் பக்கத்திலேயே நடந்து வந்திருக்கும்.

எலும்புகள் அருங்காட்சியகத்துக்குப் போயின. மணலில் எண்ணெய்க் கறை மட்டும் பாயளவுக்குக் கறுத்துக் கிடந்தது. எஸ்கில் அதன்மேல் டிராக்டரை ஏற்றவில்லை. தினமும் வளைத்துக்கொண்டு போனார். அவர் தடத்தைப் பிடித்துக்கொண்டு பஸ் வளைந்தது, பிறகு எங்கள் கார்களும். கோடையில் ஜெர்மன்காரர்கள் வந்தபோது கறையும் மறைந்திருந்தது. ஏனென்றே தெரியாமல், வெறும் மணலில், அவர்களும் அந்த இடத்தில் வளைந்து போனார்கள்.