இருபத்தேழாம் எண் ரத்தம்

பிரேமலதா திருப்பதியில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. காண்டிராக்ட் வேலைதான். காலை எட்டரைக்கு ரேணிகுண்டாவிலிருந்து பஸ் பிடித்து வருவாள். சாயங்காலம் ஐந்து மணிவரை சோதனைக் குழாய், பீக்கர், பிப்பெட் எல்லாவற்றையும் சோப்புப் போட்டு, அலசி, சூட்டடுப்பில் காயவைத்து, தட்டுத் தட்டாக அடுக்க வேண்டும். பிறந்த ஊர் நாராயணவனத்துக்குப் பக்கத்தில். கணவன் திருமலை ரேணிகுண்டாவில் ஒரு ஒர்க்ஷாப்பில் வெல்டர். ஒரே மகள் அக்ஷயா, ஆறாம் வகுப்பு.

பிரேமலதாவின் கண்கள் சின்ன வயதிலிருந்தே லேசாக மஞ்சளாக இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ மஞ்சள் கூடும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். காமாலை என்று சொல்லிக் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார்கள். எண்ணெய் கிடையாது, உப்பு கிடையாது, பதினைந்து நாள் மோர்ச்சோறு. தேறிவிடுவாள். பிறகு மறுபடியும் வரும்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போயிருந்தாள். கம்பெனி டாக்டர் அவள் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, “காமாலை தக்கினாக்க ராம்மா” என்று தெலுங்கில் சொல்லி அனுப்பினார். தணிந்த பிறகு வா என்றால் எங்கே போவது? அது தணிகிற காமாலையாக இருந்ததில்லை. கூடப் போன ஐந்து பெண்களுக்கும் வேலை கிடைத்தது. அன்றிலிருந்து, யாராவது உடம்பைப் பற்றிக் கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்வதை அவள் பழக்கமாக்கிக்கொண்டாள்.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அதிகம் பேச்சு சுஷ்மிதாவோடுதான். சுஷ்மிதா சித்தூர்ப் பெண், வீட்டில் தமிழ் பேசுகிறவள், பிஎச்.டி. நான்காம் வருஷம். சர்க்கரை நோய் வந்தால் ரத்தச் சிவப்பணுவின் சவ்வு, அதாவது அணுவைச் சுற்றியிருக்கும் மெல்லிய தோல், என்ன பாடுபடுகிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத முப்பது பேரின் ரத்தம் வேண்டும். இருபத்தாறு பேர் சேர்ந்த பிறகு ஆள் கிடைக்கவில்லை.

“அக்கா, நீங்க குடுக்கறீங்களா? அஞ்சு மில்லிதான்” என்று சுஷ்மிதா கேட்டாள். பிரேமலதா சரி என்றாள். படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: எப்போதாவது மஞ்சள்காமாலை வந்திருக்கிறதா? சுஷ்மிதா அதைப் படித்துக் காட்டினாள்.

“இல்ல” என்றாள் பிரேமலதா. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுதான் சொன்னாள்.

ரத்தக் குழாய்களில் பெயர் எழுதுவதில்லை, எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் பேராசிரியர் வேங்கடாசலத்தின் பீரோவில் பூட்டியிருக்கும். சோதனை செய்கிறவருக்கு ஆள் தெரியக்கூடாது என்பது முறை. அதனால் ரத்தம் எடுக்கத் தனியாக ஒரு நர்ஸ் வந்து போனார். அன்று பிரேமலதாவோடு வேறு மூன்று பேரும் கொடுத்தார்கள். ஆனால் தன் ரத்தம் இருந்த குழாயின் மேல் நர்ஸ் இருபத்தேழு என்று ஒட்டியதைப் பிரேமலதா பார்த்துவிட்டாள்.

அடுத்த நாள் காலை சுஷ்மிதா முதலில் இருபத்தேழாம் எண்ணை எடுத்துக்கொண்டு சோதனைக்கு உட்கார்ந்தாள். வரிசையாகப் பதினொரு குழாய்களில் உப்புத் தண்ணீர். முதல் குழாயில் உப்பு அதிகம், போகப்போகக் குறையும். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு ரத்தம். உப்பு குறைந்த தண்ணீரில் சிவப்பணு தண்ணீரை இழுத்து வீங்கும். ஓர் அளவுக்கு மேல் சவ்வு தாங்காது, வெடிக்கும். உள்ளேயிருக்கும் சிவப்பு வெளியே வந்து தண்ணீர் முழுவதும் நிறம் மாறிவிடும். எந்தக் குழாயில் சிவப்பு தொடங்குகிறது என்பதைக் குறிக்க வேண்டும். இருபத்தாறு பேருக்கும் அரை சதவீத உப்பை ஒட்டித்தான் தொடங்கியது. இருபத்தேழாவதில் இரண்டு மூன்று குழாய்கள் முன்னாலேயே சிவந்துவிட்டது.

சுஷ்மிதா எழுந்து கழுவுமிடத்துக்கு வந்தாள்.

“அக்கா, நேத்து இந்த ட்யூபுங்கள எத்தினி தபா அலசுனீங்க?”

“குழாத் தண்ணில ஆறு தபா, டிஸ்டில்ட் வாட்டர்ல மூணு தபா. நீங்க சொன்னாப்லதான்.”

“சோப்பு நின்னுடுச்சிக்கா. சவ்வுன்றது கொழுப்புதானே? துளி சோப்பு இருந்தாக்கூட கரைஞ்சி பொத்துக்கும். ஒரு செட்டு மொத்தமா வீணாப் போச்சி.”

சுஷ்மிதா கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் பேராசிரியரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் காண்டிராக்டருக்குப் போன் செய்து, கழுவுகிற வேலை சரியில்லை, வேறு ஆள் இருக்கிறாரா என்று கேட்டார். அறைக்கு வெளியே துடைத்துக்கொண்டிருந்த பிரேமலதாவுக்கு அது காதில் விழுந்தது.

அவள் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் வேலை போகும். திறந்தாலும் போகும், கூடவே பொய் சொன்னவள் என்ற பெயரும் வரும். இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தாள். சோப்பு நின்றது என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இரண்டு வருஷத்தில் அவள் கழுவிய குழாயில் ஒரு புள்ளி அழுக்கு என்று யாரும் சொன்னதில்லை. சுஷ்மிதா இருந்த இடத்துக்குப் போனாள்.

“ட்யூபு மேல தப்பு இல்ல மேடம். அந்த இருபத்தேழு என்னுதுதான். என் ரத்தந்தான் சரியில்ல. எனக்கு காமாலை வந்துக்கினேதான் கீது, சின்னப் புள்ளைலேந்து. ஃபார்ம்ல இல்லன்னு பொய் சொல்லிட்டேன்.”

சுஷ்மிதா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு அவளை ஜன்னலுக்குப் பக்கத்தில் அழைத்துப்போய்க் கண்ணைப் பார்த்தாள். இரண்டு வருஷமாக தினமும் பார்க்கிற கண்.

பேராசிரியரிடம் இருவருமாகப் போனார்கள். அவர் முதலில் படிவத்தைப் பற்றித்தான் பேசினார். “எதுக்கும்மா பொய் சொன்ன? நாளைக்கு இந்த நம்பரை நம்பி நான் ஒரு முடிவு எழுதியிருந்தா?” பிரேமலதா தலையைக் குனிந்து நின்றாள். அவர் புதுக் குழாய்களை உறை பிரித்து எடுக்கச் சொன்னார். யாரும் கழுவாத குழாய்கள். மறுபடி அவளிடம் ரத்தம் எடுத்தார்கள். சிவப்பு முன்பு தொடங்கிய அதே இடத்தில் தொடங்கியது.

கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டைத் தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டு சுஷ்மிதா அவளையும் பார்க்கச் சொன்னாள். முதலில் தன்னுடைய ரத்தம்: நடுவில் வெளுத்த வட்டத்தோடு தட்டை தட்டையான அணுக்கள். அடுத்தது பிரேமலதாவுடையது. நிறைய அணுக்களில் அந்த வெளுப்பு இல்லை. சின்னதாக, அடர்த்தியாக, குண்டு மாதிரி இருந்தன.

“இது தொத்துற காமாலை இல்லக்கா” என்றாள் சுஷ்மிதா. “கல்லீரல்ல வர்றதும் இல்ல. சவ்வுக்கு அடியில ஒரு புரத வலை கீது. அந்த வலையும் சவ்வும் நிறைய எடத்துல முடிபோட்டு நிக்கணும். உங்களுக்கு அந்த முடிச்சி சரியா இல்லேன்னு நெனைக்கறேன். அதனால சவ்வு கொஞ்சங் கொஞ்சமா பிஞ்சிப் போவுது. தோலு கொறஞ்சி, உள்ள இருக்கறது அப்படியே இருந்தா இன்னா ஆவும்? உருண்டையா ஆயிடும். தட்டையா இருந்தா வீங்கறதுக்கு எடம் இருக்கும். உருண்டைக்கு ஏது எடம்? பட்டுனு வெடிக்குது.”

“உள்ளயும் வெடிக்குதா மேடம்?”

“மண்ணீரல்ல போயி மாட்டிக்கும். அங்க சந்து ரொம்பச் சின்னது, தட்டையா இருந்தாத்தான் மடங்கிப் போவ முடியும். மாட்டுனத மண்ணீரல் ஒடச்சிடும். அந்த ஒடஞ்ச ரத்தத்தோட மஞ்சள்தான் உங்க கண்ணுல.”

ஆய்வுக்கூடம் நோய் கண்டுபிடிக்கிற இடம் அல்ல என்று பேராசிரியர் கண்டிப்பாகச் சொன்னார். ஊரிலிருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அங்கே வேறு சோதனைகள் செய்து, பிறவியிலேயே வரும் உருண்டைச் சிவப்பணு நோய் என்று உறுதி செய்தார்கள். ஹீமோகுளோபின் ஏழரை. பித்தப்பையில் கற்கள். மண்ணீரல் விலாவுக்குக் கீழே கைக்குத் தட்டுப்படுகிற அளவு வளர்ந்திருந்தது. காண்டிராக்டருக்குப் பேராசிரியர் மறுபடியும் போன் செய்தார். பேராசிரியர் என்ன சொன்னார் என்று தெரியாது. வேலை மட்டும் போகவில்லை. இருபத்தேழாம் எண்ணை அவர்கள் நோயில்லாதவர் வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இது குடும்பத்தில் இறங்கும் நோய். அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. குடும்பத்தையும் ஆராய அனுமதி வாங்க நாலு மாதம் ஆனது. அனுமதி வந்ததும் சுஷ்மிதா நர்ஸோடு நாராயணவனம் பக்கம் போனாள். பிரேமலதாவின் அம்மா செங்கம்மா கத்திரித் தோட்டத்தில் கூலிக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். ஆய்வுக்கூடத்தில் பார்த்தபோது அவளுடைய ரத்தத்தில் குறை இல்லை. அதைச் சொல்ல மறு வாரம் சுஷ்மிதா பிரேமலதாவோடு மறுபடியும் போனாள்.

“அப்ப உங்க வீட்டுக்காரருக்கு இருந்திருக்கும்மா” என்றாள் சுஷ்மிதா. “அவருக்குக் கண்ணு மஞ்சளா இருந்துச்சா?”

பிரேமலதாவின் அப்பா கன்னையா இறந்து பதினாலு வருஷம் ஆகிறது. ஒல்லியான உடம்பு, இடப்பக்கம் புடைத்த வயிறு, எப்போதும் மஞ்சள் கண். குடித்துக் குடித்துக் கல்லீரல் போய்விட்டது என்று ஊர் சொன்னது. நாற்பத்தொன்பது வயதில் பித்தப்பைக் கல் அடைத்து, காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் செத்தார். அங்கேயும் குடிகாரர் என்றுதான் சீட்டில் எழுதினார்கள்.

செங்கம்மா திண்ணையில் உட்கார்ந்தாள்.

“அவரு குடிக்கவே மாட்டேன்னு கற்பூரத்த அடிச்சி சத்தியம் பண்ணாரும்மா. நான் நம்புல. தோட்டத்துலேந்து வந்தா நானே அவரு வாய மோந்து பாத்துக்கினு இருந்தேன். ஒரு நாளு கூட வாசன வந்ததுல்ல. எங்கியோ வாய கொப்புளிச்சிட்டு வர்றாருன்னு நெனச்சேன்.”

பிரேமலதா அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “நைனாவ நானுந்தான் அப்டி நெனச்சேம்மா” என்றாள். சுஷ்மிதா வெளியே போய் நின்றாள்.

அக்ஷயாவுக்கும் அந்த நோய் இருந்தது, ஆனால் லேசாக. இப்போதைக்கு ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை, காய்ச்சல் வந்து வெளிறினால் உடனே வர வேண்டும், அவ்வளவுதான் என்றார் டாக்டர். பிரேமலதாவுக்குத்தான் மண்ணீரலையும் பித்தப்பையையும் ஒன்றாக எடுக்க வேண்டியிருந்தது. திருமலை பயந்தான்.

“ரெண்டு உறுப்ப எடுத்துட்டா மனுசி எப்டி நிப்பா? வேணாம் லதா. இத்தினி நாளு இருந்தாப்ல இருந்துடலாம்.”

“நைனாவும் அப்டித்தான் இருந்தாரு” என்றாள் அவள்.

அதற்குமேல் அவன் தடுக்கவில்லை. மண்ணீரல் இல்லாவிட்டால் சில கிருமிகளை உடம்பால் சமாளிக்க முடியாது என்பதால் முன்கூட்டியே மூன்று தடுப்பூசி போட்டார்கள். ஆபரேஷன் ஜனவரியில் நடந்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஆறு வாரத்தில் ஹீமோகுளோபின் பன்னிரண்டு ஆயிற்று. வேலைக்குத் திரும்பிய அன்று மூன்றாவது மாடிக்கு நிற்காமல் ஏறினாள். மேலே போன பிறகுதான் அது உறைத்தது.

சுஷ்மிதா அவள் ரத்தத்தை இன்னொரு தடவை சோதித்தாள். சிவப்பு இப்போதும் சீக்கிரமே தொடங்கியது. பிரேமலதாவுக்கு முகம் விழுந்துவிட்டது.

“எடுத்தும் இன்னாத்துக்கு மேடம் இன்னும் உருண்டையாவே கீது?”

“அணுவ செய்யற எடம் எலும்புக்குள்ளக்கா. அங்க செய்யும்போதே குறையோடத்தான் செய்யுது. அத மாத்த முடியாது. ஒடைக்கிற எடத்தத்தான் எடுத்திருக்கோம்.”

“பொறப்பு மாறல, அடிக்கிறவன் போயிட்டான்” என்றாள் பிரேமலதா. சுஷ்மிதா சிரித்துவிட்டாள்.

சவ்வை மட்டும் தனியாகப் பிரித்து, அதிலுள்ள புரதங்களை ஜெல்லில் ஓடவிட்டபோது கோடு கோடாக நீலப் பட்டைகள் வந்தன. தாய், மகள், பேத்தி மூவருடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாள் சுஷ்மிதா. செங்கம்மாவின் ஒரு பட்டை தடித்திருந்த இடத்தில் மற்ற இருவருக்கும் அது மெலிந்திருந்தது. வலையைச் சவ்வோடு முடிபோடும் புரதம் அது. ஆய்வேட்டில் அந்தப் படம் ஒரு முழுப் பக்கத்துக்கு வந்திருக்கிறது. கீழே பெயர் கிடையாது, ‘ஒரு குடும்பம்’ என்று மட்டும்.

போன ஆவணியில் ஒரு மத்தியானம் ஆய்வுக்கூட வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். கன்னையாவின் தம்பி மகன் தணிகைவேல். காணிப்பாக்கம் கோயில் தெருவில் தேங்காய்க் கடை வைத்திருக்கிறவர். செங்கம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். கண் மஞ்சளாகத்தான் இருந்தது.

“லதா, உங்க மேடத்தாண்ட சொல்லி எனக்கும் ரத்தம் பாக்கச் சொல்லும்மா.”

“இங்க பாக்க மாட்டாங்கண்ணா. ஆஸ்பத்திரிலதான் பாக்கணும். காமாலைன்னு சொல்லாத, திரும்பியும் கல்லீரலுக்கே மருந்து குடுப்பாங்க. நான் எழுதித் தர்றேன், இத காட்டு.”

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, நோயின் பெயரைத் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் எழுதினாள். இங்கிலீஷ் எழுத்தை சுஷ்மிதாவிடம் ஒரு தடவை காட்டிச் சரிபார்த்துக்கொண்டாள். தணிகைவேல் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“துன்னுட்டுப் போண்ணா. ஓ.பி. ரெண்டு மணிக்குத்தான் தொறப்பாங்க” என்று சொல்லித் தன் டிபன் பாக்ஸைத் திறந்து மூடியில் பாதிச் சோற்றை வைத்தாள்.