மெயின் அருவியில் விழுந்த அடி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் சிரித்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான். அதற்குக் காரணம் இருக்கிறது. தென்காசி, குற்றாலம் ஒருநாள் டூர் கூட்டிப்போகிற கைடு நான். செண்பகாதேவி அருவிக்குப் போகிற பாதையில் ஒரு பொம்பளை தலையை விரித்துப் போட்டு நிற்பாள் என்ற கதையை வேனில் வருகிறவர்களுக்குச் சொல்வது நான்தான், அதை உட்கார்ந்து யோசித்துக் கட்டியதும் நான்தான். சொந்தமாகப் புளுகியவன் அதை எப்படி நம்புவான்? அதனால் இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் உதட்டைப் பிதுக்கினால் எனக்குக் கோபம் வராது. ஆனால் இது நான் கட்டியது இல்லை. பட்டப்பகலில், நூறு பேர் குளித்துக்கொண்டிருந்த இடத்தில் நடந்தது.

அது நல்ல சீசன் நேரம். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. ரிட்டயர்டு போலீஸ் இன்ஸ்பெக்டர், அவர் மனைவி, மகன், மருமகள். இன்ஸ்பெக்டருக்குச் சொந்த ஊர் ராயகிரிப் பக்கம், சென்னையிலேயே வீடு கட்டித் தங்கிவிட்டாராம். ஆனால் வாயைத் திறந்தால் ஊர்ப் பேச்சு அப்படியே வந்தது. வண்டியில் ஏறியதும் என்னை ஏலே என்றுதான் கூப்பிட்டார். எனக்கு அது ஒன்றும் புதுசில்லை.

காலையில் காசி விஸ்வநாதர் கோயில். கோபுர வாசலில் எதிர்க்காற்று ஆளைத் தள்ளும், அதைக் காட்டத் துண்டை விரித்துப் பிடிப்பேன், எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். பிறகு, இந்தக் கோயிலைக் காப்பாற்றுகிறவர்களின் காலில் விழுகிறேன் என்று அந்தக் காலத்துப் பாண்டிய ராஜாவே எழுதி வைத்த கதையைச் சொன்னேன். வழக்கமாக இந்த இடத்தில் எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள். இவர் மட்டும், "ராஜாவா இருந்துட்டு எதுக்குலே கால்ல விழணும்?" என்று கேட்டுச் சிரித்தார்.

இலஞ்சிக் கோயில் முடிந்து, பண்பொழி திருமலைக் கோயில் ஏறி இறங்கி, மத்தியானம் செங்கோட்டைப் பக்கம் பரோட்டா சாப்பிட உட்கார்ந்தோம். பரிமாறுகிறவன் கை தவறிக் கொஞ்சம் சால்னாவை அவர் வேட்டியில் சிந்திவிட்டான். அவ்வளவுதான், மனிதர் உட்கார்ந்த வாக்கிலேயே அவன் சட்டையைப் பிடித்து இழுத்து ஒன்று வைத்தார். கடையே திரும்பிப் பார்த்தது. அவன் உதடு கிழிந்து ரத்தம் வந்துவிட்டது. நான் குறுக்கே போனதற்கு, கை பழகிப்போச்சு, சர்வீஸ்ல வந்த பழக்கம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த பரோட்டாவைப் பிய்த்தார். எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை. வெளிப்படையாகவே சொல்கிறேன், சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆனால் நான் அவரை அடிக்கவில்லை, அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலத்துக்கு முன்னால் குற்றாலம் வந்தோம். மனைவியும் மருமகளும் பெண்கள் பக்கம் குளிக்கப் போய்விட்டார்கள். மகன், தண்ணீர் ஐஸாக இருக்கிறது என்று துண்டைப் போர்த்திக்கொண்டு கரையிலேயே செல்போனோடு நின்றுவிட்டான். இன்ஸ்பெக்டரைக் கூட்டிப்போய், எனக்குத் தெரிந்த மசாஜ் அண்ணாச்சி கொட்டகையில் எண்ணெய் தேய்க்கப் படுக்க வைத்தேன். அண்ணாச்சி உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை தேய்த்துத் தட்டி எடுத்தார். நானும் பக்கத்திலேயே நின்றேன். அந்த வயசுக்கு நல்ல உடம்பு, முதுகில் ஒரு மச்சம் கூட இல்லை.

மெயின் அருவியில் தண்ணீர் பலமாக விழுகிற நடு இடத்துக்கு வெளியூர்க்காரர்கள் தனியாகப் போகப் பயப்படுவார்கள். கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நிறுத்துவது என் டூரில் ஸ்பெஷல். அவரையும் அப்படித்தான் நிறுத்தினேன். முதலில் சின்னப்பிள்ளை மாதிரி கூச்சல் போட்டுச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்று, என் கையை நெரிக்கிற மாதிரி பிடித்தார்.

அருவித் தண்ணீர் எப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரியும், தினமும் நிற்கிறவன். அது விடாமல் கொட்டும், இடைவெளியே இருக்காது. ஆனால் அவர் கை வழியாக எனக்குத் தெரிந்த அடி அப்படி இல்லை. ஒன்று விழும். நிற்கும். இன்னொன்று விழும். ஒருத்தன் கையை ஓங்கி, இறக்கி, மறுபடி ஓங்குவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு இடைவெளி. ஒவ்வொன்றுக்கும் அவர் உடம்பு துள்ளியது. வெளியே இழுத்தேன், வரவில்லை. அந்தப் பக்கமிருந்து இன்னொருத்தன் பிடித்து வைத்திருப்பதுபோல் இருந்தது. என் கையை உதறிவிட்டு அவரே பாறைப் பக்கம் திரும்பி, இரண்டு உள்ளங்கையையும் பாறையில் வைத்து, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அந்த இரைச்சலில் பக்கத்தில் நின்று கத்தினாலே கேட்காது. எனக்கு மட்டும் தெளிவாகக் கேட்டது.

"நான் எடுக்கல ஐயா."

குரல் அவருடையது இல்லை. மீசை முளைக்கிற வயசுப் பையனுடைய குரல், பயந்து கீச்சென்று வந்தது. அது திரும்பத் திரும்ப அதையே சொன்னது. அப்புறம் அவர் முட்டி மடங்கிக் கீழே விழுந்து என் காலைக் கட்டிக்கொண்டார். "நாந்தான் எடுத்தேன் ஐயா, விட்டுருங்க" என்று அதே குரலில் அழுதார். சுற்றி எல்லோரும் ஹோவென்று கத்திக் குளித்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அப்போது பயம்கூட வரவில்லை, மூளை நின்றுவிட்டது. அவர் கக்கத்தில் கையைக் கொடுத்து எப்படியோ இழுத்து வெளியே போட்டேன்.

முதுகு முழுக்கத் தடம். விரல் பருமனில் நீளநீளமாக, ஊதா நிறத்தில், ஒன்றின் மேல் ஒன்று. மசாஜ் கொட்டகைக்குத் தூக்கிப்போய்ப் படுக்க வைத்தோம். அண்ணாச்சி அவர் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். உள்ளங்கால் இரண்டும் வீங்கிக் கன்றிப்போயிருந்தது. தண்ணீரோடு கல் வந்து முதுகில் விழுந்திருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். நானும் என்னிடமே அதைத்தான் சொல்லிப் பார்த்தேன். ஆனால் பாறையில் ஊன்றி நிற்கிற மனுஷனுக்கு உள்ளங்காலில் எப்படி அடி விழும்?

மகன் பார்த்தான், என் மேல் பாய்ந்தான். அவன் கணக்கு சுலபம். அப்பா உள்ளே போகும்போது நன்றாக இருந்தார், கூடப் போனவன் நான் ஒருத்தன், மத்தியானம் கடையில் அவரோடு முறைத்துக்கொண்டவனும் நான். முதல் அறையில் எனக்குக் காது அடைத்துவிட்டது. அண்ணாச்சி விலக்கப் போனார், அவரையும் தள்ளிவிட்டான். இடுப்பு பெல்டை உருவினான். "எங்கப்பாவை எதால அடிச்ச? சொல்லு" என்று கேட்டுக் கேட்டு வீசினான். அப்பா போலீஸ், அவர் ஒரு வார்த்தை சொன்னால் நீ ஆயுசுக்கும் உள்ளேதான் என்றான். அது பொய்யில்லை என்று எனக்கும் தெரியும். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. கேஸ் என்று ஒன்று விழுந்துவிட்டால் எந்த லாட்ஜ்காரன் என்னிடம் ஆள் அனுப்புவான்? இன்ஸ்பெக்டரோ கண்ணைத் திறந்து படுத்திருந்தார், வாயைத் திறக்கவில்லை.

அடி வாங்கினால் ஒரு கட்டத்துக்கு மேல் உண்மை பொய் எதுவும் மண்டையில் நிற்காது, நிறுத்தினால் போதும் என்று இருக்கும். நான் அடிக்கலை சார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக அதைச் சொல்லத்தான். வந்தது வேறு, குரலும் என்னுடையது இல்லை, அருவியில் கேட்ட அதே பையனுடையது.

"நான் எடுக்கல ஐயா."

மகன் நிறுத்திவிட்டு, எதை எடுக்கலை, என்ன உளறுகிறாய் என்றான். படுத்திருந்தவர் எழுந்துவிட்டார். அந்தக் காலை ஊன்றி எப்படி எழுந்தாரோ தெரியவில்லை. வந்து மகன் கையிலிருந்த பெல்டைப் பிடுங்கி எறிந்தார்.

"விடுலே அவன. அவன் அடிக்கல."

அப்படியானால் யார் அடித்தது என்று மகன் கேட்டான். அவர் துண்டை எடுத்து முதுகை மூடிக்கொண்டார். போலீஸுக்கும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிட்டார். நான் தப்பித்தேன்.

மறுநாள் ரயில் ஏற்றிவிடப் போனபோது, மற்றவர்கள் பெட்டியில் சாமான் வைக்கிற நேரத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ஒரு செயினுலே. வேலைக்கு நின்ன பய எடுத்துட்டாம்னு வீட்டுக்காரங்க ஸ்டேஷனுக்குக் கூட்டியாந்தாங்க. பொறவு அது அவங்க வீட்டு மெத்தைக்கு அடியிலயே கெடந்துச்சு. அதுக்குள்ள அவன் போயிட்டான்." எங்கே போனான் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். அடுத்த சீசனில் மனிதர் தனியாக வந்து இறங்கினார். நேரே மெயின் அருவிக்குப் போய் அதே இடத்தில், பாறையில் கையை வைத்து நின்றார். நான் கரையிலேயே நின்றுகொண்டேன், என்னால் கூடப் போக முடியவில்லை. வெளியே வந்தபோது முதுகில் ஒரு கீறல் இல்லை. அழுதுகொண்டே வந்தார். அந்தப் பய வரல, ஒரு அடிகூட விழல என்றார். அதற்கடுத்த வருஷமும் வந்தார், அப்போதும் அப்படித்தான்.

இந்த வருஷம் அருவிக்கே போகவில்லை. நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார். உள்ளே கூப்பிட்டும் வராமல் வாசலிலேயே நின்றார். ஆள் பாதியாகிவிட்டார். எனக்கு அவர் மேல் இருந்த வெறுப்புகூட அவரைப் பார்த்ததும் எங்கோ போய்விட்டது. அன்னைக்குச் சொன்னியே, அதை ஒரே ஒரு தடவை சொல்லு என்று கேட்டார். மாட்டேன் என்றேன். சட்டென்று குனிந்து என் காலைப் பிடித்துவிட்டார். என் வீட்டுக்காரி பார்த்துக்கொண்டிருக்கிறாள், எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சரி, சொல்லித் தொலைத்துவிடுவோம் என்று சொன்னேன். நான் எடுக்கல ஐயா.

அவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இது உன் கொரலுல்லா, அவன் கொரலு இல்லியே" என்றார்.