அப்பாவின் வேதாகமத்தில் நான் போட்ட அடைப்புக்குறி

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், இந்தப் பதிவை எங்கள் ஊரான கோலா கெத்தில் பக்கம் யாருக்கும் காட்டிவிடாதீர்கள். என் அப்பா எங்கள் தோட்டத்து ஆலயத்தின் போதகர். எனக்குப் பதினாறு வயது, படிவம் நான்கில் படிக்கிறேன். கணக்கு டியூஷன் என்று பொய் சொல்லிவிட்டு, ஐந்து சனிக்கிழமைகளாகச் சுங்கைப்பட்டாணிக்குப் போய் வருகிறேன். பழைய வேதாகமக் கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிடக் கற்றுக்கொள்ளத்தான்.

அப்பா மாற்கு சுவிசேஷத்தை வாரம் ஓர் அதிகாரமாகப் பிரசங்கிக்கிறார். நாளை கடைசி அதிகாரம். அவருடைய குறிப்புகளைத் தட்டச்சு செய்பவள் நான். அதற்காகச் சில வாரங்களுக்கு முன் இணையத்தில் தேடியபோதுதான், மிகப் பழைய இரண்டு பிரதிகளில் அந்தச் சுவிசேஷத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் இல்லை என்று படித்தேன். நம்பவில்லை. என் கண்ணால் பார்க்க வேண்டும் போல் இருந்தது.

இன்று காலை 7.40க்கு அம்மா மோட்டார் சைக்கிளில் டவுனில் இறக்கிவிட்டார். 8.10 பஸ் 8.35க்கு வந்தது. இருபது கிலோமீட்டர், நாற்பது நிமிடம், மூன்று வெள்ளி கட்டணம். முன் இருக்கையில் மட்டும் உட்காராதீர்கள்.

“பாஸ்டர் மக பைபிளோட டியூஷன் போறா லா. கணக்கு அவ்ளோ கஷ்டமா?” என்றார் ஓட்டுநர் அண்ணன். கையிலிருந்த வேதாகமத்தைப் பைக்குள் தள்ளினேன்.

பஸ் நிலையத்திலிருந்து எட்டு நிமிட நடை. ஒரு துணிக்கடையின் மாடியில், இறையியல் படிக்கும் ரூபி அக்கா எங்கள் மூன்று பேருக்கு இலவசமாகச் சொல்லித்தருகிறார். முதல் நான்கு வாரமும் கிரேக்க எழுத்துகள். இன்றுதான் பிரதியின் படம். சொற்களுக்கு நடுவே இடைவெளியே கிடையாது. அச்சிட்ட கிரேக்க மூலத்தில் ஒரு விரல், திரையில் ஒரு விரல் வைத்து எழுத்து எழுத்தாகப் போக வேண்டும். வேறுபாட்டை மட்டும் குறிக்க வேண்டும். நான் ஒரு வரியைத் தாவிவிட்டேன்.

“உனக்கு வசனம் மனப்பாடம். அதான் ஆபத்து. இல்லாததும் இருக்கிற மாதிரியே தெரியும்” என்றார் அக்கா.

கடைசி அதிகாரத்தின் எட்டாம் வசனத்தில், கல்லறைக்கு வந்த பெண்கள் பயந்து ஓடுகிறார்கள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவ்வளவுதான். அடுத்த பத்தி முழுக்க எழுத்தே இல்லை, வெறும் தோல்தாள். மூன்று முறை விரல் வைத்துப் பார்த்தேன். பிற்காலப் பிரதிகள் பலவற்றில் அந்த வசனங்கள் உண்டு, அவசரப்பட்டு முடிவு சொல்லாமல் பார்த்ததை மட்டும் குறித்துக்கொள் என்றார் அக்கா. தமிழ் வேதாகமத்தைத் திறந்து பன்னிரண்டு வசனங்களுக்கும் பென்சிலால் அடைப்புக்குறி போட்டேன். ஓரத்தில் ‘பழைய பிரதிகளில் இல்லை’ என்று எழுதினேன்.

திரும்பும் 1.15 பஸ்ஸில்தான் முதல் பக்கத்தைப் பார்த்தேன். அப்பாவின் பெயர். காலையில் என்னுடையது என்று நினைத்து எடுத்து வந்திருக்கிறேன். எங்கள் வேதாகமங்கள் எல்லாம் சபையில் மொத்தமாக வாங்கியவை. எல்லாவற்றுக்கும் ஒரே கறுப்பு ஜிப் உறை.

நாளை ஒன்பது மணிக்கு அவர் சபைக்கு முன்னால் இந்தப் பக்கத்தைத் திறப்பார். அடிக்க மாட்டார். ஆனால் சனிக்கிழமைகள் முடிந்துவிடும். அதைவிட, அங்கே நின்றபடி என் கையெழுத்தைப் பார்த்து அவர் குரல் நின்றுபோவதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. ஓரத்து எழுத்தை அழித்துவிட்டேன். தாள் மெல்லியது, கரிய தடம் போகவில்லை. அடைப்புக்குறி இன்னும் இருக்கிறது. அழித்தால் தப்பிக்கலாம். ஆனால் அந்த வெறும் தோல்தாளை நான் பார்த்தேனே.

போக நினைப்பவர்களுக்கு: 8.10 பஸ்ஸை நம்பி நேரம் குறிக்காதீர்கள். பேனா வேண்டாம், பென்சில் போதும். எதையும் குறிக்கும் முன் முதல் பக்கத்தில் யார் பெயர் இருக்கிறது என்று...

கதவு தட்டுகிறது. அப்பா.

“பாப்பா, பைபிள் மாறிப்போச்சு லா. என்னுது உன்கிட்டயா இருக்கு?”

அழிப்பானைக் கீழே வைத்துவிட்டேன்.