அடுத்த வருடம் என்று நான் சொன்னது

ஐப்பசி 9, சனிக்கிழமை, காலை 6.20 மணி. மூன்றாவது நாளாக விடாத தூறல். செவிலிமேட்டில் எங்கள் வீட்டில் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மார்ல என்னமோ பண்ணுதுண்ணா" என்றார் என் தங்கை. பதினான்கு நிமிடத்தில் ஆட்டோ மருத்துவமனையை அடைந்தது. அதற்குள் அவர் போய்விட்டார். வயது அறுபத்திரண்டு ஆண்டு, ஏழு மாதம்.

எங்கள் பெற்றோருக்குத் திருப்புட்குழியில் பிறந்த பிள்ளைகள் நாங்கள் இருவரே. தங்கை பதினெட்டாம் வயதில் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்தார், இடம் கிடைக்கவில்லை. ஒரு வருடம் பொறுத்து மறுபடி போடலாம் என்று நான்தான் சொன்னேன். அந்த வருடத்திற்குள் அப்பா காலமானார். தங்கை சுகாதாரச் செவிலியர் பயிற்சிக்குப் போனார். திருமணம் வேண்டாம் என்றுவிட்டார்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் காஞ்சிபுரத்துத் தெருக்களில் நடந்தார். குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்துகொண்டிருக்கும் கர்ப்பிணிகளை எழுப்பி, ரத்த அழுத்தம் பார்ப்பார். "என்னான்னு எனக்குத் தெரியுது, மருந்து எழுதிக் குடுக்கத்தான் முடியல" என்று வீட்டுக்கு வந்து வருந்துவார்.

ஓய்வுபெற்ற பிறகு, நீட் தேர்வுக்கு வயது வரம்பில்லை என்று தெரிந்ததும் எழுதினார். பதினோரு மதிப்பெண்ணில் தகுதி தவறியது. மறு தையிலேயே, மறுபடி விண்ணப்பிக்க வேண்டும் என்று என்னை ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போனார்.

"பின்னாடி வெள்ளையா இருக்கணும், ரெண்டு காதும் தெரியணும்மா" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்ளோ கண்டிஷன் போடலப்பா" என்று தங்கை சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எடுத்த படம்தான் இந்த நினைவு மலரின் அட்டையில் இருக்கிறது.

வீடு திரும்பியதும் நான் ஆரம்பித்தேன். முந்தைய தேர்வு மையத்தில் நாற்பத்திரண்டு படிகள். ஏழு இடத்தில் நின்று நின்று ஏறியவர். "மொதல்ல முட்டி ஆபரேஷனை முடிச்சுக்கம்மா. ஒரு வருஷம் கூடப் படிச்சா நல்லா வரும். அடுத்த வருஷம் போடலாம்."

"நீ எண்ணிக்கினே இரு. நான் கெழவி ஆயிக்கினு இருக்கறேன்" என்றார். ஆனாலும் விண்ணப்பிக்கவில்லை. என் பேச்சைத் தட்டியதே இல்லை.

அந்த வருடத் தேர்வு முடிந்த மறுநாள், அதை எழுதிய பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் வினாத்தாளை வாங்கி, என்னைக் கடிகாரம் பார்க்கச் சொல்லி வீட்டிலேயே எழுதினார். முடிவுகள் வந்தபின் தங்கையின் மதிப்பெண்ணை நான் மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். தகுதிக்கு வேண்டியதைவிட ஆறு மதிப்பெண் அதிகம். கல்லூரியில் இடம் கிடைத்திருக்குமா என்பது வேறு. அவர் என்னைக் கோபிக்கவில்லை. "போட்டிருக்கலாம்ண்ணா" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி வுடு, அடுத்த வருஷந்தானே" என்றார்.

ஆடியில் முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. புரட்டாசியில் மாடிப்படி பதினாறையும் நிற்காமல் ஏறிக் காட்டினார். நான் திட்டமிட்டபடியே எல்லாம் நடந்தது, ஐப்பசி 9 வரை.

மழையில் ஆட்டோ ஓட்டிய எதிர்வீட்டுத் தம்பிக்கும், தங்கையோடு பணியாற்றிய செவிலியர்களுக்கும், இறுதி ஊர்வலத்தில் நனைந்துகொண்டே வந்த நூற்றுப் பதினேழு பேருக்கும் கைகூப்புகிறேன். வந்தவர்களில் பலர் கைக்குழந்தைகளாக என் தங்கையிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள் என்று சொன்னார்கள்.

ஸ்டூடியோவுக்குப் போன அன்று விண்ணப்பக் கட்டணத்துக்கென்று அவர் பணம் வைத்துத் தந்த உறை இன்னும் என்னிடம் ஒட்டியபடியே இருக்கிறது. தங்கை மருத்துவராக வேண்டும் என்பதற்காக என் கையிலிருந்து செலவானது அந்தப் புகைப்படத்துக்குக் கொடுத்தது மட்டும்: எட்டுப் பிரதிகள், எண்பது ரூபாய்.